ஒன்பதாவது துலாபாரம்

உட்காருங்க சார். நின்றுகொண்டே வராதீங்க, திருச்சி போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். இது இரண்டு பேர் சீட்டுதான், இரண்டு டிக்கெட்டும் என்னுடையதுதான். பரவாயில்லை, உட்காருங்க. என்னைப் போன்ற உடம்பு பஸ்ஸில் ஏறினால் இரண்டு டிக்கெட் எடுத்துவிடுவதே மரியாதை. போன வருடமெல்லாம் என் பக்கத்தில் ஒரு பூக்கூடையைக்கூட வைக்க முடியாது. இன்றைக்கு என்னவோ அரை சீட்டு மிச்சமாகியிருக்கிறது.

முன்னால் பெண்கள் சீட்டில் பச்சைப் புடவை தெரிகிறதா? திரும்பிப் பார்க்கிறாளே, அவள்தான். என் சம்சாரம் செங்கமலம். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இப்படித் திரும்புவாள். நான் இறங்கி ஓடிவிடுவேனாம். என் செல்போனையும் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். முப்பது வருடம் குடும்பம் நடத்திய மனுஷனை, புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, சர்க்கரைப் பொங்கல் இறக்குவதற்கு முன்னாலேயே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள் சார். எங்கே? ஆஸ்பத்திரிக்கு. எதற்கு? கண்ணுக்கே தெரியாத ஒரு புண்ணுக்கு.

நீங்களே கேட்டு நியாயம் சொல்லுங்க.

என் பெயர் அரங்கராசு. குளித்தலையில் பத்திரம் எழுதுகிறேன். முப்பத்தொரு வருடத்தில் நான் எழுதின நிலம் ஓர் அடிகூட கோர்ட்டுக்குப் போனதில்லை. வடக்கே யார் வரப்பு, தெற்கே எந்த வாய்க்கால், கிழக்கே மேற்கே என்ன என்று நான்கு எல்லையும் நேரில் போய்ப் பார்க்காமல் பேனாவைத் திறக்க மாட்டேன். எழுதினால் எழுதியது. சொன்னால் சொன்னது. அதுதான் என் பலம். என் சம்சாரம் சொல்வாள், அதுதான் என் வியாதி என்று.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் மகள் பூர்ணிமாவுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் கண் திறக்கவில்லை. குளித்தலைக்கு மேற்கே, குன்றின்மேல் இருக்கிற கரட்டுப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டேன்: பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் என் எடைக்கு எடை வெல்லம் தருகிறேன், உயிரோடு இருக்கிற வரை ஒவ்வொரு புரட்டாசியும் தருகிறேன் என்று. பதினோராம் நாள் அவள் தோசை கேட்டாள். இன்றைக்குத் திருப்பூரில் குடும்பமாக இருக்கிறாள்.

கோயில் மண்டபத்தில் பெரிய இரும்புத் தராசு தொங்கும். ஒரு தட்டில் நாம் உட்கார வேண்டும். மறு தட்டில் வெல்லம். இரண்டு தட்டும் சமமாக நிற்கிற வரை ஏற்றிக்கொண்டே போவார்கள். அதுதான் துலாபாரம். முதல் வருடம் தொண்ணூற்றாறு கிலோ நின்றது. வரது பட்டர் சடாரியை என் தலையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"அரங்கராசு, அடுத்த வருஷம் இதுக்குக் குறையாமப் பாத்துக்கோங்கோ. பெருமாளுக்குப் பொங்கல் ருசி கண்டுடும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சன்னதியில், சாட்சிகள் முன்னால், தேதியோடு சொன்ன வார்த்தை. நான் தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டினால் கையெழுத்துப் போட்ட மாதிரிதானே?

அடுத்த வருடம் நூற்று மூன்று. பிறகு நூற்று ஒன்பது, நூற்றுப் பதினெட்டு, நூற்று இருபத்து நான்கு, நூற்று முப்பத்தொன்று, நூற்று முப்பத்தொன்பது. போன வருடம் நூற்று நாற்பத்தெட்டு. ஒரு வருடமும் குறையவில்லை. ஐந்தாம் வருடம் எனக்காகவே தராசுச் சங்கிலியை மாற்றினார்கள். "பத்திரக்காரர் துலாபாரம்" என்று சொன்னால் சுற்று வட்டாரத்திலிருந்து பார்க்க வருவார்கள். நாற்காலி உடைந்தால் எழுந்து நின்று, "பெருமாள் சொத்துங்க, பாத்து வைங்க" என்பேன். கடைத்தெருவில் சிரிப்பார்கள். எனக்குப் பெருமைதான்.

அந்தப் புண்ணுக்கு வருகிறேன். ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை சொல்வதற்கென்ன, கொஞ்சம் இப்படிச் சாய்ந்து கேளுங்க.

தொப்பை முதலில் முன்பக்கம்தான் வளர்ந்தது. அப்புறம் கீழே இறங்க ஆரம்பித்தது. அடிவயிற்றுக் கொழுப்பு மடிந்து தொங்கி, அந்த இடத்தின் மேலே படிந்துவிட்டது. என் உறுப்பை நான் கண்ணால் பார்த்து ஆறு வருடம் ஆகிறது சார். கண்ணாடி வைத்தாலும் வயிறுதான் தெரியும். கையால் தேடினால் தொப்புள் மாதிரி ஒரு குழி. அதற்குள்ளே எங்கேயோ இருக்கிறது. நிலத்தின் எல்லையைக் காட்டு என்றால் காட்டுவேன். இதை எங்கே என்று காட்டுவது?

ஆள் பருத்தால் அது சின்னதாகிவிடும், வயதுக்கு அதுதான் இயல்பு என்று நினைத்துக்கொண்டேன். வீட்டிலும் படுக்கை தனித்தனி ஆகிவிட்டது. நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

தொந்தரவு தொடங்கியது போன ஐப்பசியில். நின்றுகொண்டு சிறுநீர் போக முடியவில்லை. பிடிக்க முடிந்தால்தானே நின்று போக? உட்கார்ந்தாலும் நேராக வராது. தோல் மடிப்புக்குள் தேங்கி, எழுந்த பிறகு தொடையில் வடியும். ஒரு நாளைக்கு மூன்று வேட்டி மாற்றினேன். நுனித்தோல் இறுகி, உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவ முடியாமல் போனது. எரிச்சல். அப்புறம் அரிப்பு. அப்புறம் வாடை. சர்க்கரை வியாதியும் இருக்கிறது, அது பதினைந்து வருடமாக இருக்கிறது, அதற்கும் இதற்கும் என்ன என்று விட்டுவிட்டேன். மெடிக்கல் கடை சிவநேசனிடம் படர்தாமரைக் களிம்பு வாங்கித் தடவினேன். மேலே பவுடரைக் கொட்டினேன். ஒரு நாள் கிரையம் எழுத வந்த அம்மாள் பெஞ்சைத் தள்ளித் தள்ளி வாசல் பக்கமே போய்விட்டாள். "என்னம்மா, காத்து வரலையா?" என்று கேட்டேன். "ஆமாங்கய்யா, காத்துதான்" என்றாள்.

சித்திரையில் வேட்டியில் ஒரு கறை. வெற்றிலைச் சாறு என்று நினைத்தேன். நான் வெற்றிலை போடுவதில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து என் வேட்டியை நானே துவைத்துக்கொள்கிறேன். செங்கமலம் பூரித்துப்போனாள். "இப்பவாவது எனக்கு ஒத்தாசையா இருக்கணும்னு தோணிச்சே!"

என்றைக்கோ ஒரு நாள் ஊறவைத்த பக்கெட்டைப் பார்த்துவிட்டாள். மறுநாள் வாடகைக் கார் வாசலில் நிற்கிறது. வைகாசி மாதம். திருச்சிக்குக் கூட்டிப் போனாள்.

டாக்டர் பெயர் அன்வர். எனக்கொரு மகன் பிறந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். என்னைப் படுக்கவைத்து, கையுறை மாட்டிய இரண்டு ஆண் நர்ஸ்கள் வயிற்றை மேலே தூக்கிப் பிடிக்க, அவர் இரண்டு கையாலும் கொழுப்பை அழுத்திப் பின்னால் தள்ளினார். எனக்கு மானமே போனது. விளக்கை அருகில் கொண்டுவரச் சொன்னார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் எதையும் யாரும் பார்க்க வேண்டியதில்லை சார்.

அப்புறம் ஒரு தாளில் படம் போட்டார். "சார், உங்களுக்கு எதுவும் சுருங்கிப் போகலை. நீளம் இருந்தபடியேதான் இருக்கு. ஆண்குறி இடுப்பெலும்போட சேர்ந்து அதே இடத்துலதான் நிக்குது. சுத்தியிருக்கிற கொழுப்புதான் வளர்ந்து முன்னாடி வந்து அதை மூடிடுச்சு. ஆத்தங்கரையில நட்ட கல்லு. கல்லு அங்கேயேதான் இருக்கு, மணல் ஏறிடுச்சு."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. எல்லைக்கல் மாதிரி சொல்கிறாரே என்று. "அப்ப பயமில்லையே டாக்டர்?" என்றேன்.

"மணல் ஏறினது மட்டும்னா பயமில்ல. அடியில என்ன நடக்குதுங்கறதுதான். எந்நேரமும் ஈரம், சர்க்கரை வேற. நுனித்தோல் வெளுத்து, தோல்பை மாதிரி தடிச்சுப்போச்சு. எடை குறைஞ்சாலும் அது தானா விலகாது, ஆபரேஷன் தேவைப்படலாம். உங்க ரத்தத்துல ஆண் ஹார்மோனும் குறைவா இருக்கும்னு நெனைக்கிறேன், உடம்பு பருத்தா அதுவும் குறையும். அதெல்லாம் பின்னாடி பாத்துக்கலாம். உள்ளே ஒரு புண்ணு இருக்கு. ஓரம் தடிச்சிருக்கு. எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா" என்றேன். அது பொய் இல்லையே? அளவு சொல்லாத வார்த்தை, அவ்வளவுதான்.

"ரத்தம் வருதா?"

"எப்பவாவது."

"ஏழு மாசமா இருக்கும் டாக்டர்" என்றாள் செங்கமலம் பின்னாலிருந்து. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேசாமல் இருந்தவள் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "ஒரு மிளகளவு சதை எடுத்துச் சோதிக்கணும். இந்த வாரமே. புதன்கிழமை வாங்க."

"சோதிச்சா என்ன தெரியும்?"

"என்ன இல்லைன்னு தெரியும். அது தெரிஞ்சா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

அவர் தூக்கத்துக்காக என் சதையை வெட்ட வேண்டுமாம்! கேட்டீங்களா?

நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஒருநாளும் சொல்லவில்லை. அந்தப் புதன்கிழமை என் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம். ஆனியில் வெயில், புண் ஆறாது என்றார்கள். ஆடியில் உடம்பில் கத்தி வைப்பார்களா? ஆவணியில் முகூர்த்த நாளெல்லாம் பதிவு; ஒரு நாளைக்கு முப்பது பத்திரம். நான் போய்ப் படுத்துக்கொண்டால் அத்தனை பேர் கதி? புரட்டாசி வந்துவிட்டது. துலாபாரம் முடிந்ததும் போகலாம் என்றேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது, ஒன்றுகூட சாக்கு இல்லை. டாக்டரே நான்கு தடவை போன் போட்டார். ஒரு டாக்டர் தானாகப் போன் போட்டால் என்ன அர்த்தம்? அவருக்கு ஆள் வரத்து இல்லை என்று அர்த்தம்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று நடந்தது. டாக்டர் கொடுத்த சாப்பாட்டுச் சீட்டை இவள் அடுப்படியில் ஒட்டிவிட்டாள். காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டி சோறு, காய் நிறைய. ஆடிக் கடைசியில் சிவநேசன் கடை மிஷினில் ஏறினேன். ஆஸ்பத்திரியில் நூற்று ஐம்பத்தொன்று இருந்தவன், நூற்று நாற்பத்து மூன்று காட்டுகிறது. "எட்டுக் கிலோ எறங்கிட்டீங்க!" என்று சிவநேசன் கையைக் குலுக்கினான். நான் கையை உருவிக்கொண்டேன். போன வருடத்து நூற்று நாற்பத்தெட்டு என்ன ஆவது?

நேரே பட்டர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு எண்பது வயது. காதில் கையை வைத்துக் கேட்டார். "நான் எப்போன்னா அப்படிச் சொன்னேன்? சொல்லியிருந்தாலும் தமாஷுக்குச் சொல்லியிருப்பேன். நீர் நூறு கிலோ இருந்தா நூறு கிலோ கொடும். உடம்பப் பாத்துக்கும் ஓய்!"

பட்டருக்கு மறந்துவிட்டது சார். சாட்சி மறந்துபோனால் பத்திரம் செல்லாமல் போய்விடுமா? பூர்ணிமா எழுந்து உட்கார்ந்தாளே, அது தமாஷா? வார்த்தையில் நான் குறைத்தால் கொடுத்தவன் திருப்பிக் கேட்க மாட்டானா? திருப்பூரில் என் பிள்ளை தும்மினால்கூட எனக்கு இங்கே தூக்கம் வராது. அதை இவளிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

அன்றிலிருந்து சாப்பிட ஆரம்பித்தேன். வீட்டில் இரண்டு இட்லி. ஆபீஸ் போகிற வழியில் பூரி, பொங்கல். பதினோரு மணிக்கு அல்வா. சாயங்காலம் புரோட்டா. தராசில் ஏறவே இல்லை. இனிமேல் பெருமாள் தராசுதான் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் பாருங்க, சாப்பாட்டில் ஆசையே இல்லை. வாயில் மண் மாதிரி இருக்கும். தண்ணீரைக் குடித்துக் குடித்து உள்ளே தள்ளினேன். சாயங்காலமானால் லேசான காய்ச்சல். சட்டை தொளதொள என்றிருந்தது, தையல்காரனைத் திட்டினேன். பழைய சட்டை என்றான். பழைய சட்டை பெரிதாகுமா? துணி நைந்துபோயிருக்கும்.

இதோ குளித்தலை வந்துவிட்டது. நம் ஊர். ஸ்டாண்டில் ஐந்து நிமிஷம் நிற்பான். இங்கேயே இறங்கிவிட்டால் பத்து நிமிஷத்தில் வீடு. பாருங்க, அவள் எழுந்து வருகிறாள். எதிர்பார்த்தேன்.

என்ன செங்கமலம்? தண்ணி குடிச்சேன், குடிச்சேன். வேண்டாம், பிஸ்கட் வேண்டாம். நீ போய் உக்காரு, உன் சீட்டு போயிடும்.

பார்த்தீங்களா, பஸ் கிளம்புகிற வரை நகரவில்லை. உங்களைப் பார்த்து இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டாளே, எதற்கு? உங்களுக்கும் தெரியாதா? யாரைப் பார்த்தாலும் இப்போதெல்லாம் அவளுக்கு அழுகை வந்துவிடுகிறது. விடுங்க.

நெறி கட்டியதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆவணியில் வலது தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. கால் பாதத்தில் எனக்கு ஆணி இருக்கிறது. அதனால்தான் நெறி கட்டியது. காலில் ஏதாவது என்றால் இடுக்கில் நெறி கட்டும், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வலிக்கவே இல்லை. கல் மாதிரி கெட்டியாக, அசையாமல் இருந்தது. பத்து நாளில் இடது பக்கமும் ஒன்று. அந்தக் காலில் ஆணி இல்லை. செருப்பு கடித்திருக்கும்.

ஏன் சார், முகத்தைத் திருப்பிக்கொண்டீங்க? வெயில் அடிக்கிறதா? திரைச்சீலையை இழுத்துவிடுங்க.

இன்றைக்குக் காலையில் நடந்ததுதான் முக்கியம். விடியற்காலையில் குளித்து, ஈர வேட்டியோடு தட்டில் உட்கார்ந்தேன். ஈரத்தில் ஒரு கிலோ கூடுமே என்று நினைத்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மண்டபம் கொள்ளாத கூட்டம். தராசு பார்க்கிற முத்துவீரன் சொன்னான், "பத்திரக்காரரே, அஞ்சு சிப்பம் வாங்கியாச்சு. பத்தலைன்னா கடையத் தொறக்கச் சொல்லியிருக்கேன்." ஒரு சிப்பம் முப்பது கிலோ அச்சு வெல்லம். ஐந்து சிப்பம் நூற்று ஐம்பது. போன வருடம் அதில் இரண்டு கிலோ மட்டும் எடுத்தார்கள்.

மறு தட்டில் நான்கு வைத்தார்கள். என் தட்டு தரையிலேயே இருந்தது. ஐந்தாவதை வைத்தார்கள். டமார் என்று வெல்லத் தட்டு கீழே போய் இடித்தது. நான் மேலே போய்விட்டேன் சார்! கால் இரண்டும் அந்தரத்தில் ஆடுகிறது. எட்டு வருடத்தில் அந்தத் தட்டு என்னை அப்படித் தூக்கியதே இல்லை. அப்புறம் யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள்.

"பெருமாள் பாரத்தைக் குறைச்சுட்டாருய்யா!"

"எளச்சுட்டாருடா நம்ம பத்திரக்காரர்! மாப்பிள்ளை மாதிரி இருக்காரு!"

முத்துவீரன் ஐந்தாவது சிப்பத்தைப் பிரித்து, அச்சு அச்சாக எடுத்துக் கீழே விரித்த துணியில் வைக்க ஆரம்பித்தான். எடுக்க எடுக்க நான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும். இறங்கவே இல்லை. ஐந்து கிலோ எடுத்தான். பத்து எடுத்தான். சனம் ஒவ்வொரு தடவையும் கோவிந்தா போட்டது. பதினைந்து. இருபது. அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. என்னை நிமிர்ந்து பார்க்காமல் எடுத்துக்கொண்டிருந்தான். இருபத்தேழாவது கிலோவில்தான் தட்டு சமமாக நின்றது. நூற்று இருபத்து மூன்று.

கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செங்கமலம் மட்டும் கீழே கிடந்த வெல்லத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேற்று என் ஆபீஸ் பையில் புரோட்டாக் கடைக் காகிதங்களைக் கண்டுபிடித்து ரகளை செய்தவள் அவள்தான். நான் தின்றதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

நான் இறங்கினேன். பட்டரிடம் போய், "சாமி, குறைஞ்சுபோச்சே, என்ன பரிகாரம்?" என்று கேட்கிறேன். அதற்குள் அவள் குறுக்கே வந்தாள்.

"ரெண்டு மாசமா மூணு ஆள் சாப்பாடு சாப்பிட்டிருக்கீங்க. அத்தனையும் எங்கங்க போச்சு? எது தின்னுச்சு அதை?"

"சன்னதியில சத்தம் போடாதே."

"போடுவேன். சாமி, இவருக்கு அந்த எடத்துல புண்ணு. வருஷம் ஆகப்போவுது. டாக்டர் சதை எடுத்துப் பாக்கணும்ங்கறாரு, இவரு உங்ககிட்ட வாக்குக் குடுத்தேன்னு தின்னுக்கிட்டு இருக்காரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

அந்த இடத்தின் பெயரையும் சொன்னாள் சார், பெருமாள் முன்னால் நின்று. எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. பட்டர் தீர்த்தக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். "நானா சொன்னேன்? என் வாக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம், "இப்பவே போங்கோ, பொங்கலுக்கு நிக்காதீங்கோ" என்றார். அவள் அங்கேயே போன் போட்டாள். டாக்டர் சாயங்காலம் ஐந்து மணி வரை காத்திருக்கிறேன் என்றாராம். சனிக்கிழமை சாயங்காலம், எனக்காக. அவருக்கு வேலை இல்லை என்று நான் சொன்னது சரிதானே?

இப்போது நீங்கள் நியாயம் சொல்லுங்க. வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன், எனக்குத் தெளிவாகிவிட்டது. டாக்டர் என்ன கேட்டார்? எடையைக் குறை என்றார். குறைந்துவிட்டது. நான் குறைக்கவில்லை, நான் கூட்டத்தான் பார்த்தேன். பெருமாளே குறைத்திருக்கிறார். வார்த்தையைத் தளர்த்திவிட்டார் என்றுதானே அர்த்தம்? ஒன்பதாம் வருடத்தோடு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். மேலே மூடியிருக்கிற கொழுப்பு இப்படியே கரைந்துபோனால் உள்ளே காற்றுப் படும், ஈரம் காயும், புண் தானாக ஆறும். கத்திக்கு என்ன வேலை? இவளுக்கு இது புரியவில்லை. எடை கூடினாலும் அழுகிறாள், குறைந்தாலும் அழுகிறாள்.

பெட்டவாய்த்தலை வருகிறது பாருங்க. இங்கே ஒரு நிமிஷம்தான் நிற்பான். எதிர்ப்பக்கம் கரூர் பஸ் அடிக்கடி உண்டு. அவள் கண்ணை மூடியிருக்கிறாள். நேற்று முழுக்கத் தூங்கவில்லை. ஒரே ஒரு உபகாரம் செய்யுங்க. நான் இறங்கி, பஸ் கிளம்பி, ஜீயபுரம் தாண்டியதும் அவளை எழுப்பிச் சொல்லுங்க: உங்க வீட்டுக்காரர் பொங்கல் வாங்கப் போயிருக்கார், திங்கட்கிழமை அவரே வருவாராம் என்று. திங்கட்கிழமை கட்டாயம் வருகிறேன். அன்றைக்கு ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறது. அது முடிந்ததும் வந்துவிடுவேன்.

கொஞ்சம் எழுந்து வழிவிடுங்க. மெல்ல. இந்த நெறி இருக்கிறதே, காலை மடக்கி உட்கார்ந்துவிட்டால் எழுவது கஷ்டம். ஒரு கை கொடுங்க.

ஆ... அப்படித்தான். எழுந்துவிட்டேன். நல்ல பிடி சார் உங்களுக்கு. போதும், விடுங்க.

போதும் சார். நின்றுவிட்டேன், விழ மாட்டேன்.

என்ன சார் இது? வண்டி நிற்கிறது, ஆள் இறங்குகிறார்கள். கையை விடுங்க. எதற்கு அவளைக் கூப்பிடுகிறீங்க? என்ன உரிமையில் கூப்பிடுகிறீங்க? பேர் தெரியாத மனுஷர் நீங்கள், உங்களிடம் ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை என்று சொன்னேனே!

விசில் கொடுத்துவிட்டான். சார், கிளம்புகிறான். விடுங்க... என் கை மெலிந்திருக்கிறதே, உங்கள் பிடிக்குள் அடங்குகிறதே...

விடுங்க சார்.